ஜீரோ சொல்லாத ஆயா

நேற்று காலை எங்கள் மாடிப்படி அருகே இருந்தது நான்கு பேர். கன்னியம்மாளாகிய நான். என் மருமகள் கோமதி. பேத்தி தீபா. மாடி ரூமில் குடியிருந்த நசீர்.

அதில் நசீர் இப்போது இல்லை.

டிரெயினில் போகும்போதே நெஞ்சு வலி. அரக்கோணத்தில் இறக்கினார்களாம்... அதற்குள் முடிந்துவிட்டது. நாற்பது வயது கூட ஆகவில்லை.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். நான் சொல்லச் சொல்ல தீபா டைப் பண்ணுகிறாள். எழுத்துத் தமிழில் போட்டுக்கொள், சொன்ன விஷயத்தை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

எட்டு வருஷம் எங்கள் மாடியில் இருந்தான். வாரத்தில் ஒரு நாள் சென்னை ஆபீஸ், மற்ற நாளெல்லாம் மாடியில்தான். அந்த கீபோர்டு சத்தம் தகர ஷீட்டில் தூறல் விழுவது போல நாள் முழுக்கக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே மத்தியானம் தூங்கிப் பழகிவிட்டேன்.

வந்த புதிதில் கேட்டேன், அப்படி என்னதான் வேலை என்று.

ஆட்கள் எழுதுகிறதை மிஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற ஒரு புரோகிராம் இருக்கிறதாம். கம்பைலர் என்று பெயர். எழுதினவன் தப்பாக எழுதினால் அது அவனைத் திட்டும். சில சமயம் எழுதினவன் சரியாகத்தான் எழுதியிருப்பான், கம்பைலர் தனக்குள்ளேயே உடைந்துபோகும். அந்த உடைசலைப் பார்ப்பதுதான் நசீர் வேலை.

"உள்ள உடைஞ்சிட்டா அது இன்னாடா பண்ணும், நைனா?"

"அங்கயே நின்னுடணும் ஆயா. ஒரு அடி கூட மேல போகக் கூடாது. தப்பு உன்னுது இல்ல, என்னுதுன்னு சொல்லணும். எந்த இடத்துல உடைஞ்சதுன்னு காட்டணும்."

"உங்க மிஷினுக்குக் கீற புத்தி என் நாத்தனாருக்கு இல்லியே..."

குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறி அவனுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். சிரித்து முடித்துவிட்டு ஒன்று சொன்னான். வேலை முடிந்ததும் அந்த கம்பைலர் ஒரு நம்பர் சொல்லுமாம். ஜீரோ என்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.

"உள்ள உடைஞ்சிட்டு ஜீரோ சொல்றது கீது பாரு, அதவிட பெரிய பொய் கெடையாது ஆயா."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். மிக்ஸி ஜாரை உடைத்துவிட்டு தீபா வந்து நின்றாள். "தப்பு என்னுது. இடம் கிச்சன் மேடை, மேற்கு மூலை." திட்ட வாய் வரவில்லை எனக்கு.

அவன் மேனேஜர் ஒருவன். ஒரு நாள் மொட்டை மாடியில் நான் வடாம் பிழிந்துகொண்டிருக்கும்போது போனில் அவன் குரல் நன்றாகக் கேட்டது. "உடைஞ்சா உடைஞ்சிட்டுப் போகுது நசீர், நிறுத்தாம ஓட விடு. யாருக்குத் தெரியப் போகுது?"

நசீர் சத்தம் போடவில்லை. "கம்பைலர் மாத்திக் குடுக்கிறது நாளைக்கு எந்த ஆஸ்பத்திரி மிஷின்ல ஓடுமோ, சார். நிக்கட்டும்." இதையே நான்கு தடவை சொன்னான். கடைசியில் மேனேஜர்தான் போனை வைத்தான்.

அந்தக் குரலை நான் மூன்று வருஷம் மனதில் வைத்திருந்தேன்.

போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். முருகன் மலைக்குப் படியேறிப் போவேன் என்று நான் ஒரே பிடிவாதம். தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு நசீர் கூட வந்தான். பாதிப் படியில் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது... படி, வெயில், அவன் சட்டை, எல்லாம்.

"ஒண்ணும் இல்லடா, நட."

அவன் நடக்கவில்லை. பையைக் கீழே வைத்தான்.

"ஜீரோ சொல்லாத ஆயா. எந்த இடம்?"

இடது தோளைத் தொட்டுக் காட்டினேன். கையில் அள்ளித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினான். கண்ணை மூடியிருந்தேன், மிதக்கிற மாதிரி இருந்தது. இன்றைக்கு நான் உட்கார்ந்து இதைச் சொல்வது அவன் அன்றைக்கு நின்றதால்தான்.

நேற்று காலை மலையே தெரியவில்லை, அவ்வளவு பனி. மேலே கோயிலில் போட்ட முருகன் பாட்டு மட்டும் எங்கிருந்தோ வருகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தாமல் விட்டு டேங்க் வழிகிறது என்று கோமதியோடு எனக்குச் சண்டை.

நசீர் இறங்கி வந்தவன் கீழிருந்து மூன்றாவது படியில் நின்றான். சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா நைனா, மூஞ்சி வெளுத்துகினு கீது?"

"ஒண்ணும் இல்ல ஆயா. டிரெயினுக்கு நேரமாச்சு."

ஆங், சரி என்றேன்.

திரும்பி கோமதியைத் திட்டப் போய்விட்டேன்.

சாயங்காலம் அரக்கோணத்தில் இருக்கிற அவன் அம்மா வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆயா பார்த்துக்கும்னு சொல்லிகினே இருப்பான்" என்றார்கள். அந்த மேனேஜரும் வந்திருந்தான். குரலை வைத்தே கண்டுபிடித்தேன். ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தான். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன்.

இன்று மத்தியானம் கண் அயர்ந்தபோது மாடியில் தூறல் சத்தம் கேட்டது... எழுந்து போய்ப் பார்த்தேன். ரூம் பூட்டித்தான் இருந்தது.

நைனா, நீ சொல்லிக் கொடுத்தபடியே சொல்லிவிடுகிறேன். தப்பு உன்னுடையது இல்லை. இடம், மாடிப்படி, கீழிருந்து மூன்றாவது படி.

கோமதியை விட்டுவிட்டேன். மேனேஜரை விட்டுவிட்டேன். என் நாத்தனாரைக் கூட விட்டுவிடலாம் போல இருக்கிறது.

பார்த்துப் போடா.

நான் மன்னிக்காத ஆள் இனி ஒன்றே ஒன்றுதான்.

கன்னியம்மாள்.