கட்டி முடித்த படகுக்கு ஒரு புத்தகம் தேடி

செவ்வாய்க்கிழமை காலை சென்னை விமான நிலையத்தில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே நான்கு தடித்த புத்தகங்கள், இரண்டு புடவை, ஒரு துண்டு. பாதுகாப்புக்கு நின்ற பெண் ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் கப்பலின் எலும்புக்கூடு. "கப்பல் கட்டப் போறீங்களா மேடம்?" என்றார். "இல்லம்மா, கட்டி முடிச்ச கப்பலுக்குப் புத்தகம் கொண்டுபோறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. முதலில் எனக்கும் புரியவில்லைதான்.

ராயப்பேட்டையில் ஒரு சந்துக்குள் என் அச்சகம். மரங்களைப் பற்றியும் மரக்கப்பல் கட்டுவதைப் பற்றியும் வெளிவந்த, இப்போது எங்கும் கிடைக்காத பழைய ஆங்கிலப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து மறுபதிப்பு செய்வது என் தொழில். நூலகங்கள் வாங்கும். ஓய்வுபெற்ற பொறியாளர்கள் வாங்குவார்கள். அண்ணா நகரில் ஒரு பல் மருத்துவர் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒன்று வாங்கி, நோயாளிகள் காத்திருக்கும் அறையில் அடுக்கி வைத்திருக்கிறார். ஆனால் என் புத்தகத்தைப் பார்த்து யாரும் ஓர் ஓடம்கூடச் செய்ததாக எனக்குத் தெரியாது.

போன வாரம் வடக்கு அந்தமானின் திக்லிபூரிலிருந்து நூர்ஜஹான் என்பவர் போன் செய்தார். அங்கே கயிறு, ஆணி, பெயிண்ட் விற்கும் கடை வைத்திருக்கிறாராம்.

"அக்கா, மர போட்டு கட்டுற புக்கு உங்கள்ட்ட எத்தனை இருக்கு?"

"சின்னப் படகுக்கு ஆகிற மாதிரின்னா நாலு."

"நாலும் வேணும். போட்டு ரெடி. லேக்கின் சர்வே சாப் கையெழுத்து போட மாட்டேங்குறார். எந்த புக்கு படி கட்டினீங்க, காட்டுங்கங்குறார். மிஸ்திரி எந்த புக்க பாத்தாரு? வெள்ளிக்கிழமை சாப் வர்றார். அவர விட்டா மழை முடிஞ்சுதான்."

மிஸ்திரி என்றால் படகைக் கட்டிய தச்சர். சர்வே சாப் என்றால் படகைச் சோதித்துப் பதிவுக்குச் சான்று தரும் அதிகாரி. அந்தச் சான்று இல்லாமல் படகு கடலுக்குள் போக முடியாது. நூர்ஜஹான் தன் நகையை அடகு வைத்துக் கட்டிய படகு, மழை முடியும்வரை கரையில் கிடக்கும். பார்சல் கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உதவி செய்யும் எண்ணம் கொஞ்சம் இருந்தது. என் புத்தகத்தைப் படகுக்குப் பக்கத்தில் வைத்து ஒருவர் புரட்டுவதைப் பார்க்கும் ஆசை அதைவிட நிறைய இருந்தது.

இரண்டு மணி நேரப் பயணத்தில் போர்ட் பிளேயர். இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். ஆட்டோக்காரர் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. லம்பா லைனில் ஓர் அறை எடுத்தேன். மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. கடிகாரம் சென்னை நேரத்தைக் காட்ட, சூரியன் மட்டும் அவசரமாக வீட்டுக்குப் போய்விடுகிறது.

புதன்கிழமை விடியுமுன் பஸ். திக்லிபூர் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். பகல் முழுக்க ஆகும் என்றார்கள். ஜிர்காடாங்கில் எல்லா வண்டிகளையும் நிறுத்தி, வரிசையாகக் காவலோடு காட்டுக்குள் அனுப்புகிறார்கள். ஜாரவா பழங்குடி மக்களின் காடு. நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நிற்கும் நேரத்தில் டீயும் பூரியும் கிடைத்தன. பக்கத்து இருக்கையில் மாயாபந்தருக்குப் போகும் ஓர் அரசு ஊழியர், பூர்வீகம் மதுரைப் பக்கம். என் பையில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சிரித்தார்.

"ஐலண்டுல எதை வெச்சிருந்தாலும் ரெண்டா வெச்சிருக்கணும் மேடம். ஒண்ணு பொருளு, இன்னொண்ணு அதுக்குப் பேப்பரு. மெயின்லேண்டுல இருந்து பொருளு வந்துரும். பேப்பருதான் லேட்டாகும்."

நடுவே ஒரு குறுகிய நீரிணையைத் தாண்ட வேண்டும். பஸ்ஸை அப்படியே ஒரு தட்டைப் படகில் ஏற்றிவிடுகிறார்கள். மற்றவர்கள் அலைபேசியை நோண்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். பிறகு ரங்கத், பில்லிகிரவுண்ட், பாக்குத் தோப்புகள், அறுவடை முடிந்த வயல்கள். திக்லிபூரில் இறங்கியபோது இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

நூர்ஜஹானுக்கு நாற்பது வயது இருக்கும். தாத்தா காலத்தில் தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பேச்சில் தொண்டியும் ஹிந்தியும் சரிபாதி. கணவர் சிக்கந்தர் அவருக்கும் சேர்த்து வாயை மூடிக்கொண்டிருப்பவர். "வாங்க மேடம்" என்றார், பையை வாங்கிக்கொண்டார், அன்று அவ்வளவுதான். புதுப் படகில் மீன்பிடிக்கப் போகப்போகிறவர் அவர்தான்.

வியாழன் காலை ஏரியல் பே பக்கம் கூட்டிப்போனார்கள். திக்லிபூரிலிருந்து பத்து கிலோமீட்டர். ஓர் உப்பங்கழி ஓரம், தென்னைகளுக்கு நடுவே முட்டுக்கொடுத்து நின்றது படகு. இங்கே டோங்கி என்கிறார்கள். முப்பத்திரண்டு அடி நீளம். இடது பக்கம் நீலம் அடித்து முடித்திருந்தார்கள். வலது பக்கம் இன்னும் வெறும் மரம். படாக் மரம், செங்கல் சிவப்பு. எட்டு வருடமாக அதன் குணநலன்களைப் பக்கம் பக்கமாக அச்சடித்து விற்கிறேன், அன்றுதான் முதல்முறையாகத் தொட்டேன். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கட்டியவர் பிமல் தா, வங்காளி மிஸ்திரி. பெரிய குரல், அதைவிடப் பெரிய கர்வம். அவருடைய ஹிந்தியை நூர்ஜஹான் எனக்குத் தமிழாக்க, என் ஆங்கிலப் புத்தகத்தை நான் நூர்ஜஹானுக்குத் தமிழாக்க, வேலை தொடங்கியது. நான்கில் எந்தப் புத்தகம் இந்தப் படகோடு ஒத்துப்போகிறதோ அதை அதிகாரியிடம் காட்டிவிடலாம் என்பது திட்டம். மாப்பிள்ளையை முடிவுசெய்துவிட்டு ஜாதகம் பார்க்கிற வேலை.

சிக்கந்தர் டேப்பைப் பிடித்தார். முதல் புத்தகம் விலாக்கட்டைகள் ஒல்லியாக இருக்கின்றன என்றது. இரண்டாவது, இவ்வளவு தடிமன் வீண் என்றது. மூன்றாவது ஓக் மரத்தைத் தவிர வேறெதையும் மதிக்கவில்லை. பிமல் தா ஒவ்வொரு ஆசிரியரையும் திட்டினார். அவர்கள் எல்லாரும் செத்து நூறு வருடத்துக்கு மேல் இருக்கும் என்று சொன்னேன். அதற்காக விட்டுவிட முடியுமா என்று கேட்டார்.

ஓரிடத்தில் படத்தின் மேல் விரலை வைத்து, "இத்னா கீல்?" என்று கத்தினார். இவ்வளவு ஆணி அடித்தால் பலகை பிளந்துவிடாதா, எந்த முட்டாள் இது என்றார். நான் குனிந்து பார்த்தேன். ஆணி இல்லை, மூலப் பிரதியைப் புழு தின்ற ஓட்டைகள். பழசு பழசாகவே இருக்கட்டும் என்று கணினியில் துடைக்காமல் அச்சிட்டிருந்தேன். நூர்ஜஹான் சொன்னதும் பிமல் தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிக்கந்தர்கூடச் சிரித்தார்.

அந்த உற்சாகத்தில்தான் நான் வாயைக் கொடுத்தேன். பலகைகளைப் பற்றிய அதிகாரத்தில் ஒரு விதி இருந்தது. நீளம் போதாமல் இரண்டு பலகைகளை முட்டவைத்துச் சேர்க்கிறோம் அல்லவா, அந்த மூட்டு அடுத்த வரிசையின் மூட்டுக்கு நேர்கீழே வரக் கூடாது. செங்கல் சுவர் கட்டும்போது பார்க்கிறார்களே, அதேதான். மேலும் கீழும் மூட்டுகள் ஒன்றாக நின்றால், அலை மோதும்போது எல்லாம் சேர்ந்து விரிந்துகொள்ளும். நான்கு புத்தகங்களிலும் தேடினேன். நான்கும் ஒரே குரலில் அதைத்தான் சொன்னன.

"பரவாயில்லையே, இந்த நாலு பேரும் சண்டை போடாத ஒரே விஷயம் இதுதான்!" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பிமல் தா முகத்தில் ஈயாடவில்லை. நூர்ஜஹான் எழுந்து படகின் வலது பக்கம் போனார். நானும் போனேன். அடுத்தடுத்து மூன்று வரிசைகளில் மூட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன. அதுவும் நீர்மட்டத்துக்குக் கீழே.

"லக்டி சோட்டா மிலா, மெய் க்யா கரூங்?" என்றார் பிமல் தா. குட்டையான மரம்தான் கிடைத்தது, நான் என்ன செய்வேன் என்கிறார். நீளமான மரத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தும் கிடைக்கவில்லையாம். உள்பக்கம் கனமான பலகை வைத்து அணைத்திருப்பதாகக் காட்டினார். பொய் சொல்லவில்லை, அணைத்துத்தான் இருந்தார். மேலே மக்குச் சாந்து பூசி நீலம் அடித்துவிட்டால் சாப் கண்ணுக்குத் தெரியாது என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நூர்ஜஹான் தரையைப் பார்த்தபடி தமிழில் சொன்னார்.

"புழு ஓட்டைய விட்டுவைக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு பக்கத்த எடுக்கத் தெரியாதாங்குறார். அந்தப் பக்கம் இல்லாம ஒரு புக்கு அடிச்சு, சாப்கிட்ட காட்டலாமாங்குறார்."

செய்ய முடியாத வேலை இல்லை. திக்லிபூர் ஜெராக்ஸ் கடையிலேயே முடியும். ஆனால் புழு தின்றதைக்கூட மாற்றாமல் அச்சடித்தவள், படகு பிளக்கும் என்று எழுதியிருப்பதை மட்டும் எப்படி எடுப்பது? "என்னால முடியாதும்மா" என்றேன். ஊரிலிருந்து வந்த எவளோ ஒருத்தி இவர்களுடைய பிழைப்பில் மூக்கை நுழைக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது. சிக்கந்தர் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலை கடை வீட்டில் சாப்பாடு பிரமாதம், பரிமாறிவிட்டு நூர்ஜஹான் கடைக்குள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நான் எழுந்தபோது நூர்ஜஹான் வீட்டில் இல்லை. சிக்கந்தரோடு ஏரியல் பே போனால், படகின் வலது விலாவில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. அந்த மூன்று வரிசைகளிலும் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். பிமல் தா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. நூர்ஜஹான் கையில் ஆணி பிடுங்கும் கடப்பாரை.

"படிச்சுத் தொலைச்சிட்டீங்க அக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது. "தெரியாம இருந்தா அனுப்பிருப்பேன். தெரிஞ்சப்புறம் இவர எப்படி அனுப்புறது, சொல்லுங்க?"

சர்வே சாப் பதினொரு மணிக்கு வந்தார். மரியாதையான மனிதர். ஓட்டையைப் பார்த்தார், நூர்ஜஹான் சொன்னதை முழுக்கக் கேட்டார், உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். பாதிப் படகுக்கு எப்படிச் சான்று தருவது, வேலையை முடியுங்கள், மழைக்குப் பிறகு வந்து பார்க்கிறேன் என்று ஹிந்தியில் சொன்னார். எப்பாடு பட்டாவது நீளப் பலகை வாங்கிப் போட்டு, இடுக்குகளில் பஞ்சு திணித்து முடிக்க ஒரு வாரம் போதும் என்று நூர்ஜஹான் கெஞ்சினார். அதிகாரியின் பயணத் திட்டத்தில் அந்த ஒரு வாரம் இல்லை.

கிளம்பும்போது படகுக்குப் பக்கத்தில் பலகைமேல் கிடந்த என் புத்தகங்களைத் தூக்கிப் பார்த்தார். பதிப்பு அழகாக இருக்கிறது என்றார். "இதையெல்லாம் உட்கார்ந்து படித்தீர்களா? கோப்பில் எழுத ஒரு புத்தகத்தின் பெயர் போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நூர்ஜஹான் என்னிடம் கோபத்தை மறைக்கவில்லை. "நீங்க கூட வராம புக்க மட்டும் குடுத்து அனுப்பியிருந்தா நான் அட்டையத்தான் காட்டியிருப்பேன். இன்னிக்கு கையெழுத்து கிடைச்சிருக்கும்" என்றார். உண்மைதான்.

சனிக்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்பினேன். நூர்ஜஹான் வாசல் வரை வந்து, வழிக்குப் பரோட்டாவும் மீன் வறுவலும் கட்டிக் கொடுத்தார். போன் பண்ணுங்கள் என்று சொல்லவில்லை. புத்தகங்களைத் திருப்பியும் தரவில்லை. சிக்கந்தர் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டார்.

வழியெல்லாம் சென்னையை நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே என் புத்தகங்களைப் பற்றிக் கடிதம் எழுதுகிறவர்கள் தாளின் மணத்தைப் புகழ்வார்கள், அட்டையைப் புகழ்வார்கள். உள்ளே எழுதியிருந்ததால் ஒருவருக்கு ஒரு வேளைச் சோறாவது கூடியதா, குறைந்ததா என்று யாரும் எழுதியதில்லை. எழுதாததால் நானும் நிம்மதியாக இருந்திருக்கிறேன். இங்கே ஒரு வீட்டின் ஒரு பருவத்து வருமானத்தைப் பிடுங்கிவிட்டுப் போகிறேன்.

பஸ் நிலையத்தில் சிக்கந்தர் என் பையை மேலே ஏற்றினார். ஜன்னலோரம் இடம் பிடித்துத் தந்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார். நான் குனிந்து, "மன்னிச்சிருங்க தம்பி. என்னாலதான் உங்களுக்கு இவ்வளவு நஷ்டம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். டிரைவர் வண்டியைக் கிளப்பியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் அங்கே இருந்த நாட்களில் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார்.

"நூரு கோவமாத்தான் இருக்கா. இருக்கட்டும் மேடம். அந்த மூட்டு எனக்கு மொதல்லயே தெரியும். மரம் கெடைக்கல, காசும் முடிஞ்சிருச்சு, அவட்ட எப்புடி சொல்றதுன்னு சொல்லாம இருந்தேன். நீங்க படிச்சுச் சொன்னது நல்லதாப் போச்சு. கடலுக்குப் போறது நாந்தானே."