ஒலியை அடைத்துவிட்டு ஆற்றிய உரை

பட்டிமன்ற மேடைகளில் கைத்தட்டல் வாங்கிப் பழகிய நான், திண்டிவனத்திலிருந்து இணையவழியில் போட்டித் தேர்வு வகுப்பு எடுக்கிறேன். பல ஊர் மையங்களில் மாணவர்கள் திரைமுன் கூடுவார்கள். என் பேச்சின் ஓட்டம் தடைபடாதிருக்க, அவர்கள் பக்கத்து ஒலியை முழுவதுமாக அடைத்துவிடுவேன்.

சென்ற மாதம் நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, அனந்தபுரம் மையத்து மாணவர்கள் மொத்தமாக எழுந்து நிற்பது திரையின் சிறு கட்டத்தில் தெரிந்தது. என் உரைக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துக் குரலை மேலும் உயர்த்தினேன். கைப்பேசி விடாமல் அடித்தது. அம்மையத்து மாணவி செல்வி.

"இன்னா சார், நீங்க பாட்டுக்குப் பேசிக்கினே இருக்கீங்க! ஃபேன் கீழ யார் உக்கார்றதுன்னு சண்ட. முருகன் மண்ட ஒடைஞ்சி ரத்தமா கொட்டுது!"

ஒலியைத் திறந்தேன். ஒரே அலறல். முருகன் தரையில் கிடந்தான். உடைந்த பெஞ்சுக் காலை ஒருவன் அவன் தலைக்கு மேல் மீண்டும் ஓங்கியிருந்தான்.

"மாணவர்களே, நிறுத்துங்கள்!" என்று கர்ஜித்தேன். ஒருவரும் திரும்பவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்புடுங்க சார்! அவன் பேரு குமாரு!" என்று கத்தினாள் செல்வி.

"குமார்! கட்டையைக் கீழே போடு!"

ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டவன் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தான். அதற்குள் மற்றவர்கள் அவனை மடக்கிப் பிடித்துவிட்டார்கள். முருகன் பிழைத்தான்.

இப்போதெல்லாம் அடிக்கடி உரையை நிறுத்தி, ஒவ்வொரு மையத்தின் ஒலியையும் திறந்து, ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்கிறேன். பதில் வராமல் அடுத்த வாக்கியத்துக்குப் போவதில்லை. அனந்தபுரத்தில் முதலில் முருகனைத்தான் அழைக்கிறேன்.

"மண்டையில தையல் இருக்குது சார், ஈசியா கேளுங்க" என்கிறான்.