மீட்டரக்கா எழுதிய இரண்டு அறிக்கைகள்

எல்லோரும் அவரை மீட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்து வந்தவர். தானாகவே கணக்குச் சொல்லும் மீட்டர்கள் வந்ததும் அந்த வேலை போயிற்று. பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. பிறகு, கடத்தப்பட்ட பிள்ளைகளை மீட்டுக் காக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேயும் வீடு பார்க்கிற வேலைதான். ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்புவதற்கு முன், அந்த வீடு பிள்ளை இருக்கத் தகுந்ததுதானா என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும்.

இதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அடுப்படியை ஒரு பார்வை, கொடியில் காயும் துணியை ஒரு பார்வை பார்த்தால் போதும், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார். “நம்ம வீட்டைப் பார்க்க நீயே வந்தா, நம்ம பிள்ளைய நம்மகிட்ட குடுப்பியா?” என்று கேலி செய்வார் அவருடைய கணவர். அவர் ஒரு கேன்டீனில் சமையல்காரர்.

நான்காம் வருடத்தில் ஒரு சிறுமியின் கோப்பு வந்தது. பத்து வயது. தைத்து முடித்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டும் பட்டறையிலிருந்து மீட்கப்பட்டவள். ஜன்னலில் அட்டை அடித்த ஒரே அறையில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்களாம். இவளுடைய கட்டைவிரலில் கத்தரிக்கோல் பிடித்த இடம் காய்த்துப் போயிருந்தது. வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டதற்குச் சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மீட்டரக்கா போய்ப் பார்த்த வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அப்பா இறந்துவிட்டார். அம்மாவும், ஆறு வயதுத் தங்கையும், அம்மாவின் தம்பியும் இருந்தார்கள். பேசியதெல்லாம் அந்த மாமாதான். யாரோ ஒரு பெண் ஆசை காட்டிக் கூட்டிப்போய்விட்டாள் என்று கண் கலங்கினார். தானே போய்க் கொடுத்த போலீஸ் புகாரின் நகலையும், நிரப்பி வைத்திருந்த பள்ளிக்கூட விண்ணப்பத்தையும் காட்டினார். டீ போட்டுக் கொடுத்தார். அம்மா கதவோரம் நின்றவள் வாய் திறக்கவே இல்லை. கூச்சம் போலிருக்கிறது என்று மீட்டரக்கா நினைத்துக்கொண்டார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி, ‘பாதுகாப்பான குடும்பம்’ என எழுதிக் கொடுத்தார்.

ஐந்தே மாதத்தில் அதே சிறுமி, வேறொரு ஊரில், இறால் உரிக்கும் கொட்டகையில் கிடைத்தாள். பனிக்கட்டியிலேயே கிடந்து விரல் நுனிகள் வெளுத்து ஊறியிருந்தன.

காப்பகத்தில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மீட்டரக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சிறுமி திரும்பாமலே சொன்னாள்: “மாமா குடுத்த டீயைக் குடிச்சிட்டுத்தானே போனீங்க. தங்கச்சி சொன்னா.”

அவளே தொடர்ந்தாள்:

“யாரு கூட்டிட்டுப் போனாங்கன்னு போலீஸ் கேட்டப்போ மாமா பக்கத்துல நின்னாரு. அப்புறம் யாருமே கேக்கல.”

அன்றே ராஜினாமாக் கடிதம் எழுதி நிர்வாகியம்மாவிடம் நீட்டினார். அவர் அதைப் படித்துவிட்டு மேசையிலேயே வைத்தார். “நீங்க போயிட்டா அந்த வீட்டுக்கு யாரு போறது? அங்க இன்னொரு பொண்ணு இருக்கு” என்றார்.

மீட்டரக்கா மறுபடியும் போனார். இந்த முறை வீட்டுக்குள் நுழையவில்லை. தெருக்குழாயில் அம்மா தண்ணீர் பிடிக்கும் நேரம் பார்த்துப் போய் நின்றார். முதல் நாள் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் நாள் அழுதாள். மூன்றாம் நாள்தான், சின்னவளையும் கூட்டிப்போகத் தம்பி கேட்டானா என்று மீட்டரக்கா மெதுவாகக் கேட்டார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

“போன வாரம் கேட்டான்” என்றாள் அம்மா. “பெரியவளைக் கூட்டிட்டுப் போனப்பவே தெரியும்க்கா. அவன் இல்லன்னா எங்க வீட்ல அடுப்பு எரியாது. தெரிஞ்சேதான் இருந்தேன்.”

திட்ட வேண்டும் என்றுதான் மீட்டரக்காவுக்கு வாய்வரை வந்தது. தான் எழுதிய அறிக்கை நினைவுக்கு வந்ததும் அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார். போலீசில் சொன்னால் என்ன நடக்கும், சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று இரண்டையும் மறைக்காமல் சொன்னார். மறுநாள் காலையில் சின்னவளைக் கூட்டிக்கொண்டு அம்மா போலீஸ் நிலையத்துக்கு வந்தாள். உடன்பிறந்தவன்மேல் வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

நிறுவனம் அவர்களை அன்றே வேறு ஊருக்கு மாற்றியது; ஒரு பள்ளியில் அம்மாவுக்குத் துப்புரவு வேலையும் வாங்கிக் கொடுத்தது. மாமா பிடிபட்டான். அவனுடைய போனில் இருந்த எண்களை வைத்து அதே தெருவைச் சேர்ந்த இன்னும் இரண்டு சிறுமிகளைக் கண்டுபிடித்தார்கள். வழக்கு மூன்று வருடம் இழுத்தது. அவனுக்குத் தண்டனை கிடைத்தது. பிள்ளைகளை வாங்கிக் கைமாற்றிய தரகர் மட்டும் கடைசிவரை அகப்படவில்லை.

மீட்டரக்கா இரண்டாவது அறிக்கையை எழுதினார். முதல் முறை எதை எதைப் பார்க்கத் தவறினார் என்பதில் தொடங்கினார். இப்போதைக்குச் சிறுமியை அனுப்ப வேண்டாம் என்று முடித்தார். அதன்பிறகு, பிள்ளையிடம் தனியாகப் பேசாமல் எந்த அறிக்கையும் எழுதக்கூடாது என்று நிறுவனத்தில் விதியே வந்தது.

சிறுமி காப்பகத்திலேயே இருந்து படித்தாள். ஞாயிறு தோறும் அம்மா வந்தாள். ஆறு ஞாயிறுகள் மகள் மாடியை விட்டு இறங்கவில்லை. அம்மா கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். ஏழாவது ஞாயிறு இறங்கி வந்து தங்கையை மட்டும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவோடு பேச இன்னும் பல மாதங்கள் ஆயின. பதின்மூன்று வயதில், போகிறேன் என்று அவளே சொன்ன பிறகுதான் அனுப்பினார்கள்.

இப்போதும் மாதம் ஒருமுறை மீட்டரக்கா அவர்களுடைய புது வீட்டுக்குப் போகிறார். பெரியவள் அவரிடம் அதிகம் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். போன மாதம் அவர் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். எதிர்வீட்டில் புதிதாக ஒரு சிறுமி வேலைக்கு வந்திருக்கிறாள், பகலெல்லாம் பாத்திரம் தேய்க்கிறாள், பள்ளிக்கூடம் போகிற மாதிரித் தெரியவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அவகிட்ட தனியா கேளுங்க” என்றாள்.