வெள்ளிக்கிழமை லாரிகள்

மலேசியாவில், தஞ்சோங் கிளிங்கில் எங்கள் வரிசை வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பாக் மாட். மலாய்க்காரர், மலாக்கா நகரத்தில் ஏதோ ஆபீசில் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை நான் காய்ச்சலுக்கு எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். துணி காயப்போட வெளியே வந்தால், நல்ல வெயிலில் அவர் அரைக்கால் சட்டையோடு நின்று காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். கையில் இருந்த துணியை வாளியிலேயே போட்டேன். கோவில்பட்டியில் நான் வளர்ந்த தெருவில் வேலை நாளில், பட்டப்பகலில், ஓர் ஆண்பிள்ளை வாசலில் நின்றால் ஒன்று அந்த வீட்டில் சாவு, இல்லாவிட்டால் வேலை போய்விட்டது. எனக்குத் தெரிந்த மலாயில் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். அவர் சிரித்தார். அவர் ஆபீசில் இனி வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை, சோதித்துப் பார்க்கிறார்கள் என்றார். நான் அதைப் பாதி வேலை போய்விட்டது என்றுதான் புரிந்துகொண்டேன். மனசு கேட்காமல் சாயங்காலம் உளுந்து வடை சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி சந்தோஷமாக வாங்கிக்கொண்டு இன்றைக்கு என்ன பெருநாள் என்று கேட்டார். சும்மாதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அந்தத் தட்டு நிறைய இனிப்புப் பலகாரம் வந்தது.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு என் பதற்றம் புரியும். என் அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டால் குச்சி காயாது. அப்போது முதலாளி வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்பார். அப்பா பகலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நாங்கள் சத்தமில்லாமல் நடப்போம். கும்பிட்டுக் கேட்டால்தான் விடுமுறை கிடைக்கும், கேட்காமல் வருவது வேறு என்பதை அந்த வயதிலேயே உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. கல்யாணம் முடிந்து இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அது மறக்கவில்லை.

என் கணவர் செல்வம் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். செங் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு பேக்டரிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். நானும் அதே பேக்டரியில்தான் வேலை பார்த்தேன். காருக்குள் பொருத்தும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பாகங்களை அச்சில் வார்க்கும் இடம். சாதாரண ஆளாகச் சேர்ந்து லைன் லீடர் ஆகியிருந்தேன். சில வருஷங்களுக்கு முன் இந்த நாட்டுச் சட்டம் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று இருந்ததை நாற்பத்தைந்தாகக் குறைத்தபோது, எங்கள் பேக்டரி அந்த மூன்று மணி நேரத்துக்கே மாதக்கணக்கில் முனகியது. அதே பேக்டரிதான், பாக் மாட் கார் கழுவிய சில மாதங்களுக்குப் பிறகு, எங்களை கேன்டீனுக்குக் கூப்பிட்டு, இனித் திங்கள் முதல் வியாழன் வரை வந்தால் போதும், அடிப்படைச் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம், ஆனால் ஓவர்டைம் கிடையாது என்றது. சொன்னவர் ஆள் நிர்வாகம் பார்க்கும் புவான் ஹஸ்னா. நல்ல பெண்மணி. அவர் மலாயில் சொல்லச் சொல்ல நான் என் லைன் பெண்களுக்குத் தமிழில் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது என் குரல் எனக்கே மழைக்காலத்து முதலாளியின் குரல்போலக் கேட்டது.

எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் இந்த நாலு நாள் சோதனை தொடங்கும் என்றதால் அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் இதே பேச்சு. கலைவாணி என்ற பெண் இதற்காகச் சண்டையே போட்டாள். புருஷன் இல்லாமல் மகளை வளர்க்கிறவள். பிள்ளை தூங்கும்போது வீட்டை விட்டுப் போய், அது தூங்கின பிறகு வீட்டுக்கு வருவதற்குப் பெயர் வாழ்க்கையா, ஓவர்டைம் காசை வாங்கி அதைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவளிடம் கொடுப்பதற்கு நான் ஏன் நடுவில் என்று கேட்டாள். பலர் தலையாட்டினார்கள். ஓவர்டைமை நம்பி வீட்டுத் தவணை கட்டுகிறவர்கள் மட்டும் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்கள்.

எதிர்த்துப் பேசியவர் மேரி அக்கா ஒருவர்தான். என்னை விட ஏழெட்டு வயது மூத்தவர். அச்சு இயந்திரங்களில் நீண்ட நாள் அனுபவம். ஆலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, மரமெல்லாம் கிழடாகிவிட்டது, இனி ஒருநாள் விட்டு ஒருநாள் பால் வெட்டினால் போதும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். எஸ்டேட்டே கொண்டாடியதாம். அப்பாக்கள் பகலில் பந்து ஆடினார்களாம், பிள்ளைகள் ஆற்றில் குளித்தார்களாம். அப்புறம் கம்பும் கயிறுமாக அளக்கிறவர்கள் வந்தார்கள். அப்புறம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். இப்போது அங்கே எங்கள் வீடு மாதிரியே வரிசை வீடுகள்.

"கேட்டுக் குடுத்தா அது லீவு. கேக்காம குடுத்தா பயப்படணும் லா," என்றார் மேரி அக்கா.

கலைவாணி விடவில்லை. "எல்லாத்துக்கும் பயந்தா எப்பக்கா நாம மனுசனா இருக்கறது?"

கேன்டீனில் கை தூக்கச் சொன்னபோது கலைவாணியின் கைதான் முதலில் மேலே போனது. நானும் தூக்கினேன். அவள் சொன்னது சரி. மேரி அக்கா சுற்றிப் பார்த்தார். கடைசியில் தலை வாருகிறவர்போல அவரும் கையை உயர்த்தினார்.

தொடக்கத்தில் நன்றாகத்தான் இருந்தது, அதையும் எழுதிவிட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் கலைவாணி மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் கடற்கரைக்கு வருவாள். மேரி அக்காவே ஒருநாள் வந்து, மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, இத்தனை வருஷத்தில் வேலை நாளில் கடலைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார். அவர் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது. நானும் பாக் மாட்டைப் போல வாசலில் நின்று பார்த்தேன். ஆனால் காலை நேரம் ஏற ஏற ஒரு பரபரப்பு வந்துவிடும். யாரோ எங்கோ நான் இல்லாமல் எதையோ செய்துகொண்டிருப்பதுபோல இருக்கும். செல்வத்திடம் சொன்னால், உனக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை, உங்கள் ஊர்ப் புத்தி என்று சிரிப்பார்.

செல்வத்துக்கு வெள்ளிக்கிழமை பஸ் ஓட்டம் நின்றுபோனதால், அன்று மட்டும் செங்கிலேயே வேறொரு கம்பெனிக்குச் சாமான் வேன் ஓட்ட ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வந்தவர் கை கழுவிக்கொண்டே, "உங்க பேக்டரி வாசல்ல பெரிய லாரி ரெண்டு நிக்குது," என்றார். ஆளே இல்லாத நாளில் எதற்கு லாரி என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை நாங்கள் உள்ளே போனபோது, கடைசி வரிசையில் இருந்த இரண்டு மோல்டிங் மெஷின்களைக் காணவில்லை. அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். பழுது பார்க்கப் போயிருக்கிறது என்றார் சூப்பர்வைசர். மேரி அக்கா மூன்று வாரமாக வேலை பார்த்த மெஷின் அதில் ஒன்று. அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு சின்னச் சின்னதாக. உதிரி பாகம் கேட்டால், இருப்பதை வைத்து ஓட்டுங்கள் என்றார்கள். கேன்டீன்காரர் புதுப் பாத்திரம் வாங்குவதை நிறுத்தினார். அடுத்த வெள்ளியும் செல்வம் லாரியைப் பார்த்தார், அதற்கடுத்த வெள்ளியும் பார்த்தார். திங்கட்கிழமைகளில் கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் கண்ணால் வரிசையை ஓட்டிப் பார்ப்பார்கள். மெஷின் குறையக் குறையக் கூடத்தில் எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்க ஆரம்பித்தது. கலைவாணி மட்டும், புது மெஷின் வரப்போகிறது, அதற்குத்தான் இடம் காலி பண்ணுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை மறுத்துப் பேச ஒருவருக்கும் மனம் வரவில்லை, மேரி அக்காவுக்கும் வரவில்லை.

ஒரு புதன்கிழமை புவான் ஹஸ்னா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் வேலையில் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு போனேன். அவர் என் ஊர் இந்தியாவில் எது என்று கேட்டார். ஊரைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கிறார் என்று எண்ணி, கடலைமிட்டாய்க்குப் பேர்போன ஊர் என்று அதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஓசூர் என் ஊருக்குப் பக்கமா என்றார். பிறகுதான் விஷயம் வந்தது. எங்கள் பேக்டரியின் மெஷின்கள் மொத்தமும் ஓசூர் பக்கம் கட்டியிருக்கும் புது பேக்டரிக்குப் போகிறது. அங்கே எடுத்திருக்கும் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கத் தமிழ் பேசத் தெரிந்த லைன் லீடர் வேண்டும். போய் வந்தால் எனக்கு இங்கே கம்பெனி வைத்துக்கொள்ளும் சாமான் ஸ்டோரில் ஓர் இடம் இருக்கும். மற்றவர்களுக்குச் சட்டப்படி என்ன உண்டோ அது கிடைக்கும். மாத முடிவில் அறிவிக்கும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. அப்படியானால் அந்த நாலு நாள் வாரம் எதற்கு என்று கேட்டேன். அவர் பேனாவை மூடினார். அவருக்கே இது போன வாரம்தான் தெரியும் என்றார். அவர் கண்ணைப் பார்த்தபோது அதை நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

அன்று ராத்திரி செல்வம் போகாதே என்றார். போகாவிட்டால் எனக்கும் வேலை இல்லை, ஆளே இல்லாத பேக்டரிக்கு அவர் பஸ்ஸும் தேவையில்லை என்றேன். அவர் விளக்கை அணைத்தார். ஆனால் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் மேரி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொல்லிவிட்டேன். செங் சிக்னலில் பஸ் நின்றபோதுதான் கேட்டார்.

"ஒங்க ஊருக்கா போவுது?"

"எங்க ஊர் இல்லக்கா. அது வேற பக்கம், ரொம்பத் தூரம்."

"தமிழ்நாடுதானே?"

ஆமாம் என்றேன். ஓசூருக்கும் கோவில்பட்டிக்கும் உள்ள தூரத்தை நான் எப்படி விளக்க? நானே ஓசூரைப் பார்த்ததில்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க தாத்தாவ அங்கேருந்து வேலைக்குக் கூட்டியாந்தாங்க. இப்ப வேலைய அங்க கூட்டிட்டுப் போறாங்க. நாங்க மட்டும் நடுவுல நிக்கிறோம்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். இறங்கும்போது, கலைவாணிகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ சொல்லாதே என்றார். அந்த வாரத்திலேயே கலைவாணி வேறு இடங்களில் வேலை கேட்டு அலைய ஆரம்பித்துவிட்டாள். அறிவிப்பு வருவதற்குள் மேரி அக்கா தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பகுதியில் சேர்ந்துவிட்டார். அங்கே வாரத்துக்கு ஆறு நாள் வேலை.

இதை நான் ஓசூரில், பெண்கள் விடுதியின் மேல்மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் வேலை சொல்லிக்கொடுக்கும் பெண்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளைகள். கெட்டிக்காரப் பிள்ளைகள். சொல்லும் முன்பே கை கற்றுக்கொண்டுவிடும். என்னை மலேசியா அக்கா என்கிறார்கள். செங்கில் நான் இந்தியாக்காரி. மலேசியாவில் எல்லோரும் பேச்சின் கடைசியில் ஒட்டும் "லா" என் பேச்சிலும் வருவதைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். அது என் நாக்கில் எப்போது ஏறிக்கொண்டது என்று எனக்கே தெரியாது. இங்கே திங்கள் முதல் சனிவரை வேலை, ஆர்டர் நெருக்கினால் ஞாயிறும். சௌமியா என்று ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாதவள், நேற்று டீ குடிக்கும்போது கேட்டாள்.

"அக்கா, அங்க வாரத்துக்கு நாலு நாள்தான் வேலையாமே, நெசமா?"

கொஞ்ச காலம் அப்படி இருந்தது என்றேன்.

"அப்ப இங்கயும் வருமாக்கா?"

அவள் முகத்தில் அவ்வளவு ஆசை. ஊருக்குப் போய்வர ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் என்னென்ன செய்வாள் என்பதெல்லாம் அந்த முகத்திலேயே ஓடியது. வர வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். மனுஷ உடம்புக்கு அது நியாயம். கலைவாணி சொன்னதில் எந்தப் பிழையும் இல்லை. கேட்டு வாங்கினால் வரட்டும். கேட்காமல் வந்தால் வாசலில் லாரி நிற்கிறதா என்று பார் என்று சொல்ல வாய் வரை வந்தது. டீயைக் குடித்துவிட்டு, வா, அச்சு சூடாகியிருக்கும் என்றேன்.

இன்று வெள்ளிக்கிழமை. வேலைக்கு நடுவில் செல்வத்திடமிருந்து செல்போனில் ஒரு படம் வந்தது. மிச்சமிருந்த நாற்காலி மேசைகளை ஏற்ற அவர் ஓட்டும் வேனையே வாடகைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், உள்ளே போய் எடுத்திருக்கிறார். முழுதும் காலியாகிவிட்ட எங்கள் கூடம். எண்ணெயும் கால்தடமும் கறுத்த சிமெண்டுத் தரையில், மெஷின்கள் இருந்த இடங்கள் மட்டும் நீள நீளமாக வெளுத்துக் கிடந்தன. நான் நிமிர்ந்து பார்த்தேன். அதே மெஷின்கள் என் முன்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பெண் நின்றாள். மேரி அக்கா நின்ற இடத்தில் சௌமியா நின்றாள். நான் மெஷின்களைப் பார்த்தேன், கையில் இருந்த படத்தில் அந்தத் தரையைப் பார்த்தேன். எந்தத் தரையில் நிற்கிறேன் என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. யாரோ அக்கா என்று கூப்பிட்டார்கள். திரும்பினேன்.