புழுக்கை எண்ணிய வெல்டா

வெல்டா என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் மாமியார் வாயால். எழுபத்தெட்டாம் வருஷம், மே மாதம். போனை வைத்துவிட்டு வந்து, மாவுக் கையோடு நின்ற என்னிடம் சொன்னாள்.

"நம்ம டெல்பர்ட் கல்யாணம் பண்ணிக்கப்போறானாம். பொண்ணு பேரு வெல்டா. காட்டிலாகாவுல வேலை. என்ன வேலைன்னு கேளேன்."

"என்ன வேலை?"

"எல்க் மான் புழுக்கைய எண்ணுறாளாம்! அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாங்களாம்!"

டெல்பர்ட் என் மாமனாரின் தங்கை லியோனாவின் இரண்டாவது மகன். மூத்தவன் வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பவில்லை. அதனால் மலையடிப் பண்ணையும் மாடுகளும் இவனுக்கு வந்தன. வெல்டா ஐடஹோ மாநிலத்துக்காரி. நெட்டையாக இருப்பாள், புருஷன் சட்டையையே போட்டுக்கொள்வாள். கல்யாண விருந்தில் என் வீட்டுக்காரர் ஓரின் அவளிடம், "இதுவரைக்கும் எத்தனை எண்ணியிருக்க?" என்று கேட்டார். "உங்க குடும்பத்த சேக்காமலா, சேத்தா?" என்றாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

கோடையில் சில நாள் நானும் அவளோடு போயிருக்கிறேன். ஒரு குச்சியை நட்டு, அதில் கயிற்றைக் கட்டி, வட்டமாகச் சுற்றி வருவாள். வட்டத்துக்குள் எத்தனை குவியல் என்று சீட்டில் எழுதுவாள். எங்கே புழுக்கை அதிகமோ அங்கே எல்க் அதிகம் தங்குகிறது என்று கணக்கு. ஒரு புழுக்கையை உள்ளங்கையில் வைத்து உடைத்துப் பார்த்து, "இது போன வாரம் போட்டது, பச்சப் புல்லு தின்னிருக்கு" என்பாள். பிறகு அதே கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு எனக்கு ரொட்டி எடுத்துக் கொடுப்பாள். நானும் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

கெட்டில் பள்ளத்தைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. மலைக்கு மேலே, சுற்றிலும் ஊசியிலை ஃபிர் மரம், நடுவில் ஊற்றும் புல்வெளியும். ஆகஸ்டில் ஹக்கிள்பெரி என்ற நீலக் காட்டுப்பழம் பழுக்கும். ஓரின் லாரியை ஓட்ட, நான் தகர வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் விரல், உதடு, பல் எல்லாம் நீலம். செப்டம்பரில் ஆண் எல்க் கத்தும். விசில் போல ஏறி, மரக்கதவு முனகுவது போல இறங்கும் அந்தச் சத்தம். இப்போதும் காபி வடிக்கும்போது சில நாள் காதில் கேட்கிறது. நானும் ஓரினும் நல்லபடியாகப் பேசிக்கொண்ட பேச்செல்லாம் பள்ளத்துக்கு ஏறும் அந்தக் காட்டு ரோட்டில்தான் பேசினோம்.

எண்பதில் காட்டிலாகா அந்த ரோட்டுக்கு இரும்பு கேட் போட்டுப் பூட்டியது, வண்டிகள் வராமல் எல்க் அமைதியாக இருக்கட்டும் என்று. மேலே இருந்த மாட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்ய மாமனாரின் தம்பி கிளைட் மாமாவிடம் ஒரு வாரத்துக்குச் சாவி கொடுத்தார்கள். அவர் அதை இரும்புக்கடையில் கொடுத்துப் பதினான்கு சாவி வெட்டிக்கொண்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எங்கள் சொந்தத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜோடி காலுறையும் ஒரு சாவியும் வந்தன. வெல்டா வீட்டுக்கும்தான். விறகுக்கு, பழத்துக்கு, வேட்டைக்கு என்று, வேறு ஆள் வராத ரோடாச்சே என்று முன்னைவிட அடிக்கடியே கேட்டைத் திறப்போம், போவோம், ஒழுங்காகப் பூட்டிவிட்டு வருவோம். பூட்டிவிட்டால் மூடிய ரோடுதானே என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அதற்குப் பிறகு எல்க் கூட்டம் கூட்டமாகக் கீழே இறங்கியது. டெல்பர்ட்டின் புல் போர்தான் முதல் பந்தி. இருநூறு எல்க் ஒரு வாரம் நின்றால் மாட்டுக்கு என்ன மிஞ்சும்? எண்பத்தாறு குளிரில் பாதி மாட்டை விற்றார்கள். இன்னொரு குளிர் அப்படிப் போனால் பண்ணையும் போய்விடும் என்று டெல்பர்ட் என் எதிரிலேயே சொன்னான்.

அந்த வசந்தத்தில்தான் காட்டிலாகா ஆபீசில் மேப் போட்டார்கள். புல் எங்கே, நிழல் எங்கே, சரிவு எப்படி, ரோடு எவ்வளவு தூரம் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டால், எல்க் எங்கே தங்கும் என்று அது பச்சை அடித்துக் காட்டுமாம். கெட்டில் பள்ளம் கரும்பச்சையாக வந்தது. வெல்டாவின் சீட்டிலோ அங்கே புழுக்கையே இல்லை. கணக்கு தப்பு, எல்க்குக்கு அந்த இடம் பிடிக்கவில்லை, கேட்டை எடுத்துவிட்டு மரம் வெட்ட விடலாம் என்று ஆபீசில் பேச்சு எழுந்தது. அப்படி நடந்தால் எல்க் மேலே திரும்பவே திரும்பாது.

கிளைட் மாமா பண்ணையில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளில் எல்லாரும் கூடியிருந்தோம். சாப்பாட்டு மேசையில் வெல்டா எழுந்து நின்றாள்.

"மேப் தப்பில்ல. என் சீட்டுதான் தப்பு. நம்ம வண்டிக்குப் பயந்துதான் எல்க் கீழ எறங்குது. ஆறு வருஷமா ரோடுங்கிற இடத்துல 'மூடியது'ன்னு எழுதிட்டு வர்றேன். திங்கக்கிழமை 'திறந்தது'ன்னு மாத்தி எழுதப்போறேன். உங்ககிட்ட சொல்லாம எழுத மனசு வரல."

"கேட்டுல பூட்டு தொங்குதேம்மா!" என்றார் கிளைட் மாமா.

"தொங்குது மாமா. சாவி பதினாலு வீட்டுலயும் தொங்குது."

"புழுக்கைய எண்ணச் சொன்னா எங்க வீட்டுச் சாவிய எண்ணுறியா?"

"நீ மட்டும் பழம் பறிக்கப் போகலியா?" என்றார் ஓரின்.

"போனேன். அதான் என் புல்லு போச்சு."

டெல்பர்ட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

அவள் எழுதினாள். கோடையில் காட்டிலாகா இயந்திரம் வந்து ரோட்டின் வாயைத் தோண்டிப்போட்டு, குறுக்கே மரங்களைத் தள்ளிவிட்டுப் போனது. அடுத்த வருஷம் அவள் கன்றுகளுக்குச் சூடு போட சொந்தத்தில் ஒருவரும் போகவில்லை. நான் மட்டும் ஒரு பானை பீன்ஸோடு போனேன். "ஓரின் வரலியா?" என்று கேட்டாள். "முதுகு வலியாம்" என்றேன். "பதிமூணு வீட்டுலயும் முதுகு வலி போல" என்று சொல்லி சூட்டு இரும்பை என் கையில் கொடுத்தாள்.

மூன்றாம் குளிரில் டெல்பர்ட்டின் புல் போர் எல்க் வாய் படாமல் முழுசாக நின்றது. கெட்டில் பள்ளத்தில் ஒரு வட்டத்துக்குள் பதினோரு குவியல் எண்ணினேன் என்று அவளே போன் செய்து சொன்னாள். கிளைட் மாமா சாகும்வரை அவளிடம் பேசவில்லை. ஓரின் நான்கு வருஷம் கழித்துப் பேசினார். நான் அந்தப் பள்ளத்துக்குப் பிறகு போகவில்லை. ஆறு மைல் மேட்டில் நடக்க என் முட்டியில் வலு இல்லை. அவள் செய்தது சரிதான். இருந்தாலும் ஆகஸ்ட் வந்தால் எனக்கு அந்த ரோடு வேண்டும் போலத்தான் இருக்கும்.

டெல்பர்ட் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. வெல்டா அதே பண்ணையில், அதே வீட்டில் இருக்கிறாள். மாடுகளை அவள் மகள் பார்த்துக்கொள்கிறாள்.