இஸ்பேட் ராஜாவும் ஒரு ‘சரிண்ணே’யும்

எண்பதுகளின் தொடக்கம். மதுரை விளாங்குடியில் குடியிருந்தோம். பி.எஸ்சி. கணிதம் முடித்து, வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த கோடை. ஞாயிறு மதியம் ஆனால் போதும், கல்லூரித் தோழனின் புது வீட்டுக்கு ஓடிவிடுவேன். இன்னும் பூச்சு வேலை முடியாத வீடு. முன்னறையில் சிமெண்டுச் சாக்கை விரித்துச் சீட்டாடுவோம். இருபத்தொன்று என்கிற ஆட்டம். கையிலுள்ள சீட்டுகளின் கூட்டல் இருபத்தொன்றைத் தாண்டாமல், அதை ஒட்டிப் போய் நிற்க வேண்டும். படச்சீட்டுக்குப் பத்து, ஆசுக்குப் பதினொன்று. பந்தயம் தீக்குச்சி. குச்சி தீர்ந்தவன் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும்.

நூலகத்தில் கிடைத்த ஓர் ஆங்கிலப் புத்தகம் அப்போது என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. சின்னச் சீட்டு வெளியே வந்தால் ஒன்று கூட்டு. பத்தோ படச்சீட்டோ ஆசோ வந்தால் ஒன்று கழி. கணக்கு ஏற ஏற, சீட்டுக் கட்டில் இன்னும் பெரிய சீட்டுகள் தங்கியிருக்கின்றன என்று பொருள். அந்த நேரத்தில் துணிந்து பந்தயம் வைக்கலாம். இதில் குருட்டு யோகம் ஒன்றும் இல்லை, சுத்தமான கணிதம் என்று எனக்கு ஒரே பெருமை.

ஒரே ஒரு தொல்லை. எங்கள் செட்டில் யாரும் வாயை மூடிக்கொண்டு ஆட மாட்டார்கள். நான் மட்டும் பேசாமல் இருந்தால், “என்ன மாப்ள, மந்திரம் ஓதுறியா? வாயி அசையுது” என்று தோழன் பிடித்துக்கொள்வான். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் என்ன சொன்னாலும் ‘ம்’, ‘ஆமாடா’, மூத்தவர் என்றால் ‘சரிண்ணே’. வாய் அங்கே, கணக்கு இங்கே. பிரமாதமாக ஓடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அண்ணன் வந்தார். பஸ் கண்டக்டர். அவர் மனைவி வயிற்றில் கட்டி என்று பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவர், என்னைத் தேடி அங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சீட்டு வாங்கினார். கட்டு மெலிந்திருந்தது. என் கணக்கு ஏழு ஏறியிருந்தது. இப்படி ஒரு நேரத்துக்காகத்தானே காத்திருந்தேன்? குச்சிகளை மொத்தமாகத் தள்ளினேன். அண்ணன் என் தோள் பக்கம் குனிந்து ஏதோ மெல்லச் சொன்னார். “சரிண்ணே” என்றேன். மறுபடியும் ஏதோ கேட்டார். “வாரேண்ணே” என்றேன். முதல் சீட்டு ஆசு. அடுத்தது இஸ்பேட் ராஜா. இருபத்தொன்று.

“சூனியம் வச்சிருக்கான்டா இவன்” என்று தோழன் தலையில் அடித்துக்கொண்டான். குச்சிகளை அள்ளிவிட்டு நிமிர்ந்தபோது அண்ணன் போய்விட்டிருந்தார். அவர் சீட்டுகள் சாக்கின்மேல் குப்புறக் கிடந்தன.

மறுநாள் விடிந்ததும் சைக்கிளோடு எங்கள் வாசலில் நின்றார்.

“சாப்டீங்களா தம்பி? வெறும் வயித்தோட கூட்டியாரக் கூடாதுன்னு சொல்லிவிட்டாங்க.”

அம்மா ஒன்றும் புரியாமல் இட்லி வைத்தார். கடைசித் துண்டு என் வாய்க்குள் போகும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். எங்கே போகிறோம் என்று கேட்க வெட்கம். போகிற வழியில் தெரிந்துகொள்ளலாம் என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

மிதித்தபடியே பேசிக்கொண்டு வந்தார். செல்லூரில் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அவர் முதுகில் காதை ஒட்டவைத்துக் கேட்டேன்.

“அவ தம்பிக்கும் இதே ரத்தந்தான். வாரேன் வாரேன்னு சொல்லிட்டு ஊருக்குப் போயிட்டான். ரத்தம் இல்லாம ஆபரேசன் கெடையாதுன்னுட்டாரு டாக்டரு. ஒங்ககிட்ட எப்பிடிக் கேக்குறதுன்னு தெரியாமத்தான் நேத்து சீட்டக் கையில வாங்குனேன். நீங்க ஒரு நொடி யோசிக்கல தம்பி.”

என்.சி.சி. முகாமில் சோதித்து, எனக்கு ஓ நெகட்டிவ், லேசில் கிடைக்காத ரத்தம் என்று சொல்லியிருந்தார்கள். அதைத் தெரு முழுக்கப் பீற்றியவன் நானேதான். ஆனால் ஊசியைக் கண்டாலே எனக்கு வியர்க்கும். ரத்தம் கொடுத்தால் போன தெம்பு திரும்பாது என்று வேறு அந்த நாளில் சொல்வார்கள். ‘நேற்று நீங்கள் கேட்டது என் காதிலேயே விழவில்லை, அண்ணே’ என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவர் ஒரு கையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேட்டில் எழுந்து நின்று மிதித்தார். விழுங்கிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்ததும், நர்ஸ் அக்கா என் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்.

“முழு மனசோடதான் குடுக்குறீங்களா? பயமா இருந்தா இப்பவே சொல்லிருங்க.”

வாசலில் துண்டைப் பிசைந்துகொண்டு அண்ணன் நின்றார். முகத்தில் சவரம் இல்லை. கண்கள் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும். நேற்று என் பக்கத்திலேயே இருந்த முகம், இப்போதுதான் பார்த்தேன்.

“பயந்தான். குடுக்குறேன், எடுங்கக்கா” என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் மனைவி வீடு திரும்பி, மெல்ல நடந்து வந்து எங்கள் அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பார். “கேட்ட வாய் மூடல, சரின்னுச்சு தம்பி” என்று அண்ணன் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். நான் குனிந்துகொள்வேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று கணக்கு ஏழு, வந்தது இஸ்பேட் ராஜா என்பது எனக்கு இன்றும் மறக்கவில்லை; மனைவியின் உயிருக்காக ஒரு மனிதர் என் தோளருகே குனிந்து எந்த வார்த்தையில் கேட்டார் என்பது மட்டும் தெரியாது என்பதால், இப்போதெல்லாம் ஆட்டத்தின் நடுவில் யார் வாய் திறந்தாலும் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு பேசுகிறவர் முகத்தைப் பார்க்கிறேன்.