சித்தப்பா திருப்பி எடுத்துப்போன தட்டு

பிள்ளைகளா, ஆச்சி தட்டோடு உங்களைத் துரத்தும்போதெல்லாம் நான் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டீர்கள். காரணம் இதுதான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது உங்கள் ஆச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, மார்பில் புற்றுநோய். ஊசி மருந்து ஏற்றிவிட்டு வந்தால் வாயெல்லாம் புண். சோற்று வாடை பட்டாலே குமட்டும். இப்படியே இளைத்தால் அடுத்த ஊசி போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்லாரும் அம்மாவுக்கு ஊட்டக் கிளம்பினார்கள். அடுத்த தெருப் பெரியம்மா மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டு வந்து, "எனக்காக ஒரு வாய் தின்னுளா" என்பாள். அப்பா கெஞ்சுவார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, இனி ஊசிக்கே வரமாட்டேன் என்றாள்.

அந்தச் சமயம் சித்தப்பா லீவில் வந்தார். அவருக்குப் பயணிகள் கப்பலில் விருந்தினருக்குப் பரிமாறும் வேலை. முதல் காரியமாக, வீட்டில் வாடை வரக்கூடாதென்று மீன் பொரிக்கும் சட்டியைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார். எனக்கு அதில் பெரிய வருத்தம். பிறகு சின்னத் தட்டில் இரண்டே வாய் தயிர்சோறு வைத்து, கதவைத் தட்டி, "உள்ள வரலாமா மதினி?" என்றார்.

அம்மா வேண்டாம் என்றாள்.

"சரி மதினி." தட்டோடு திரும்பிவிட்டார்.

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கொண்டுபோன சோத்த அப்படியே தூக்கிட்டு வாரான். இவன் கவனிக்கிற லட்சணத்தப் பாரு."

கொஞ்ச நேரம் கழித்து வேறொரு தட்டு. வேண்டாம். சரி மதினி. எனக்கு இது நல்ல விளையாட்டாகத் தெரிந்தது. ராத்திரி உப்புமாவை நானும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "தின்னுல" என்றார் சித்தப்பா.

மறுநாள் மத்தியானம், தட்டோடு திரும்பியவரை அம்மா கூப்பிட்டாள்.

"தம்பி, நுங்கு கெடைக்குமா? குளுந்தாப்ல?"

"தோல உரிச்சா, தோலோடயா மதினி?"

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, உரித்து என்றாள். அன்று முழு நுங்கு ஒன்று உள்ளே போயிற்று. பிறகு கஞ்சி, பிறகு இட்லி. அடுத்த ஊசிக்கு ஆட்டோ வந்தபோது அவளே சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

சித்தப்பா கப்பலேறிய பிறகு தட்டு என் கைக்கு வந்தது. ஒருநாள் கதவைத் தட்டி உள்ளே போனேன். வேண்டாம் என்றாள். கெஞ்சத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, சரிம்மா என்றேன். கெஞ்சாமல் திரும்புவது எனக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைத்தேன். சித்தப்பாவுக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்று தோன்றவில்லை.

சமையலறையில் யாரும் இல்லை. அந்தத் தயிர்சோற்றை நின்றபடியே நான் தின்றேன். தட்டைக் கழுவித் துடைத்துவிட்டு, அடுத்த தட்டுக்காக ஒரு பப்பாளியை எடுத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்க உட்கார்ந்தேன்.